அமெரிக்கா அக்காவின் விரதம்

இத்தாலியில், பலேர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் ஒரு மீன்காரன் இருந்தான். அமெரிக்கா அக்கா முப்பது வருடமாக அவனிடம் மட்டும்தான் மீன் வாங்கினார். ஆனாலும், அவர் வருவதைத் தூரத்திலேயே கண்டு, கேட்காமலே சாளை மீனை அள்ளிக் கடுதாசியில் சுற்றி வைத்தானோ, அன்றைக்கு அவனைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அங்கேயும் வாங்கமாட்டார். ஒரு கணவாயைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு நடப்பார். அடுத்த கிழமை திரும்பவும் பழைய மீன்காரனிடம்தான் போவார்.

"ஏனக்கா, நல்ல மீன்தானே சுத்தி வைச்சவன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மீன் நல்லதுதான் பிள்ளை. அவன் என்னைக் கேக்கேல்லை."

இந்த ஒரு பேச்சுக்குள் அவர் முழுவதும் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. மீன் இல்லாமல் வந்த கவலைதான் எனக்கு.

அவர் கறுப்பு அமெரிக்கர். உயரம். என்னை அவர் பக்கத்தில் நிறுத்தினால் அவருடைய கைப்பை மட்டத்துக்குத்தான் வருவேன். தொப்பி இல்லாமல் படி இறங்கமாட்டார். கத்தானியாப் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் படைமுகாமில் உடுப்புத் தோய்க்கும் பகுதிக்கு வேலைக்கு வந்தவராம். ஒரு சிசிலியன் பஸ் சாரதியைக் கட்டி, பலேர்மோவுக்கு வந்து, அந்த மனிதர் செத்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்லரோவுக்குப் பக்கத்துச் சந்தொன்றில் வீடு எடுத்தபோது அவர் எங்களுக்கு மேல்மாடி. இவர், என் வீட்டுக்காரர், முதல் மாதத்தில் அக்காவை ஒரு கூடாத சொல்லால் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன். ஒருநாள் எரிவாயுச் சிலிண்டரைத் தூக்கமாட்டாமல் இவர் படியில் நின்றபோது, அக்கா மேலிருந்து இறங்கி வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அன்றையிலிருந்து இவர் வாயிலும் அக்காதான்.

எங்களுக்கு நடுவில் இருந்த பாஷை இத்தாலியன். என்னுடையது வீடு துடைக்கும் இத்தாலியன், அவருடையது சந்தை இத்தாலியன். ஆனால் நினைக்கும்போது அவர் எனக்குத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு நவராத்திரிக்கு அவித்த கடலையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேலே போனேன். அக்கா வீட்டுக்குள்ளேயே தொப்பியோடு இருந்தார். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நீலச் சட்டை. மேசையில் ஒரு தடித்த உறையைத் தவிர வேறொன்றும் இல்லை. பூச்சாடியைக்கூட எடுத்து நிலத்தில் வைத்திருந்தார்.

"கடலையை வைச்சிட்டுப் போ. இண்டைக்கு நான் ஒண்டும் வாயிலை வைக்கமாட்டன்."

"விரதமோ அக்கா?"

"வோட்டுப் போடுற நாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வோட்டுக்கும் வயிற்றுக்கும் என்ன? அக்கா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில், அமெரிக்காவின் தெற்கில் அவருடைய ஊரில், கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவது லேசில்லையாம். தாய் வரிசையில் நிற்பார். தாயின் முறை வந்ததும் யன்னலுக்குப் பின்னால் இருந்த கிளாக்கர் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்ப்பார். தாயைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கையைத் துடைத்துவிட்டு யன்னலைச் சாத்துவார். அடுத்த முறை போனாலும் அதே பொட்டலம், அதே யன்னல்.

"கோழிப் பொரியல் மணந்தது எண்டு அம்மா வீட்டை வந்து சொல்லுவா. காலமை சாப்பிடாமல் போறவ. கடைசிவரைக்கும் அவவைப் பதிய விடேல்லை. அவ பசியோடை நிண்ட இடத்திலை நான் திண்டுபோட்டு நிக்கிறதோ?"

சாமிக்கு விரதம் இருப்பேன், பிள்ளைக்கு இருந்திருக்கிறேன், இவருக்கு வருத்தம் வந்தபோது இருந்திருக்கிறேன். ஒரு வாக்குக் கடுதாசிக்காக விரதம் இருக்கும் மனிசியை அன்றுதான் கண்டேன். ஊரில் நான் இரண்டு தடவை வாக்களித்திருக்கிறேன். இரண்டு தடவையும் தோசை தின்றுவிட்டுத்தான் போனேன். தமிழரென்றால் இன்ன சின்னம் என்று எல்லாருக்கும் தெரியும். இவர் அதைச் சொல்லுவார், நான் புள்ளடி போட்டுவிட்டு வருவேன். யாரும் வந்து என்னிடம் கேட்டதில்லை.

"சனாதிபதியைத் தெரிவு செய்யினமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இது நடுவிலை வாற தேர்தல். சனாதிபதியின்ரை பேர் இதிலை இல்லை."

"அப்ப சின்னத் தேர்தல்."

"பாஸ்குவாப் பெருநாளுக்கு எல்லாரும் கோயிலுக்கு வருவினம் பிள்ளை. ஒண்டுமில்லாத ஒரு மழை ஞாயிறிலை ஆர் வருகினம் எண்டு பார். அவைதான் கோயில்."

அங்கே பெரிய கட்சி இரண்டு. ஒன்றை அக்கா 'எங்கட' என்பார். கறுப்பர்களில் பெரும்பங்கு அதற்குத்தான் போடுமாம். மற்றது, தெற்கில் வெள்ளையர்கள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்த கட்சி. அக்காவின் தமக்கை ஊரிலிருந்து தேர்தல் நோட்டீசுகளைச் சேர்த்துத் தபாலில் அனுப்புவார். தன் வீட்டுக்கு வருவது ஒன்று. தான் சமைக்கப் போகும் வெள்ளைக்காரி வீட்டுக் குப்பைக் கூடையில் கிடப்பது இன்னொன்று. அப்படிக் கூடையிலிருந்து வந்த மற்றக் கட்சி நோட்டீசொன்றை அக்கா எனக்குக் காட்டினார். இருட்டுக்குள் ஒரு கறுப்புப் பொடியனின் முகம். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாய் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இதிலை என்ன எழுதியிருக்கு அக்கா?"

"பயப்பிடு எண்டு எழுதியிருக்கு."

"ஆருக்கு?"

"அதை எழுதேல்லை. அதுக்குத்தான் படம்."

பிறகுதான் காரியத்துக்கு வந்தார். அவருடைய மாநிலத்தில் தபால் வாக்கின் உறைமேல் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டுமாம். நான் இவரைக் கூட்டிவந்தேன். இவர் தயங்கினார்.

"நாங்கள் அகதிச் சனம் அக்கா. எங்கட வதிவிடப் பெர்மெஸ்ஸோவே புதுப்பிச்சு வரேல்லை. எங்கட கையெழுத்து அமெரிக்காவிலை செல்லுமோ?"

"பதினெட்டு வயசு முடிஞ்சால் காணும் எண்டுதான் இருக்கு. உமக்கு முடிஞ்சுதோ?"

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு இவர் சிரித்தார். அக்கா எங்கள் இருவரையும் முற்றத்து யன்னலுக்கு முகம் காட்டி நிற்கச் சொன்னார். அவர் அடையாளம் இடுவதை நாங்கள் பார்க்கக் கூடாது. ஆனால் கேட்டது. கோழி தானியம் கொத்துவது மாதிரி, பென்சில் ஓரிடத்திலும் தங்காமல் மேலிருந்து கீழே போனது. கடுதாசியை ஓர் உறைக்குள் வைத்து, அந்த உறையை இன்னோர் உறைக்குள் வைத்து ஒட்டினார். இவர் ஆங்கிலத்தில் அழகாகக் கையெழுத்து வைத்தார். நான் பேனையை வாங்கினேன்.

ஐந்தாம் வகுப்போடு எழுத்தை விட்ட கை. எதை எழுதினாலும் முதலில் தானாகப் பிள்ளையார் சுழி போடும். போட்டுவிட்டது. 'உ', அதன்கீழ் ஒரு கோடு. அதற்குக் கீழேதான் என் பெயர்.

"இது என்ன?" அக்காவின் குரல் மாறிப்போனது.

எனக்கு முன்னே இவர் வெடித்தார். "உமக்கென்ன விசரே? குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலையும் இப்பிடித்தான் சுழிச்சு வைச்சு அங்கையிருந்தவனட்டைப் பேச்சு வாங்கினனீர்!"

அக்கா உறையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு கீறு கூடினாலும் திறக்காமலே ஒதுக்கிப் போடுவினம். எங்கட ஆக்களின்ரை உறையெண்டால் இன்னும் உத்துப் பாப்பினம்." வேறு உறை கேட்டு எடுப்பிக்க நாள் இல்லை. தாய்க்காக இருந்த விரதம், ஒரு சுழியால் வீணாகப் போகிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"அழாமல் சொல்லு. இது என்ன?"

"எங்கட கடவுள் அக்கா. அவரைக் கும்பிடாமல் நான் சாமான் வாங்கிற துண்டுகூட எழுதமாட்டன்."

அக்கா உறையில் அச்சடித்திருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "கடவுள் சாட்சியாக எண்டு இதிலை இருக்கு. மற்றவை எல்லாம் சும்மா பேருக்குத்தான் அதைச் சொல்லுறவை. நீ அவரின்ரை கையெழுத்தையும் வாங்கிப்போட்டாய். எழும்பு, போவம்."

வியா ரோமாத் தெருவில் பெரிய தூண்கள் நிற்கும் தபால் கந்தோருக்கு மூன்று பேரும் நடந்து போனோம். அக்கா தன் கண்முன்னாலேயே முத்திரை குத்தவைத்தார். வீட்டுக்கு வந்து நான் அவித்துக் கொடுத்த இடியப்பத்தையும் சொதியையும் கடைசி இழைவரை சாப்பிட்டார்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தேர்தல் முடிந்து இரண்டொரு நாளில் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அக்கா, தொப்பி இல்லாமல். நரைத்த தலையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அக்கா சுழியைப் பற்றி முன்னமே தொலைபேசியில் சொல்லிவைத்ததில், உறைகளைச் சரிபார்க்கும் இடத்துக்குத் தமக்கை போயிருக்கிறார். அங்கே ஒருவர் எங்கள் உறையைத் தூக்கி, இந்தக் கீறு என்னவென்று கேட்டு ஒதுக்கப் போயிருக்கிறார். தமக்கை எழும்பி நின்று, "அந்தச் சாட்சிக்காரி கடவுளைக் கும்பிட்டுப்போட்டுக் கையெழுத்து வைக்கிறவ. நீங்கள் கும்பிடாமலோ வைக்கிறனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் போகிற சனம் நிறைந்த ஊர். உறையைத் திறந்துவிட்டார்கள்.

பிறகு நாலு வருடம் போனது. அக்காவின் நடை குறைந்தது. இரத்த அழுத்தத்துக்குக் காலையும் மாலையும் குளிசை. தொண்ணூற்று எட்டில் அடுத்த நடுத்தேர்தல் வந்தது. அக்கா வோட்டுப் போடக் குறித்த நாள் காலையில் மேலே போனால், தொப்பி, நீலச் சட்டை, வெறும் மேசை, உறை. எல்லாம் முன்போலத்தான். ஆனால் பென்சில் இன்னும் தொடாமல் கிடந்தது. பக்கத்தில் இரண்டு நோட்டீசு.

"இரண்டையும் பார். உனக்கு இங்கிலீசு தேவையில்லை."

இரண்டிலும் ஒரே ஆள். வெள்ளையர். அக்காவின் சொந்தக் கட்சிக்கு நிற்பவர். இரண்டிலும் ஒரே சிரிப்பு, ஒரே சட்டை. கறுப்பர் வீடுகளுக்கு வந்த நோட்டீசில் அவர் பக்கத்தில் பெரிய தொப்பியோடு ஒரு கறுப்பு அம்மா நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளையர் வீடுகளுக்குப் போனதில் அந்த ஆள் தனியாக நின்றார். கொஞ்சநேரம் பார்த்த பிறகுதான் கண்டேன். அவருடைய சட்டைக்கையில் நாலு கறுப்பு விரல்கள். ஒரு விரலில் மோதிரம்.

"ஆளை வெட்டிப்போட்டு விரலை விட்டுட்டாங்கள்," என்றேன்.

"அது என்ரை அக்காவின்ரை விரல்."

அவர்களுடைய கோயிலில் எடுத்த படமாம். அந்த மோதிரம் தாயுடையதாம்.

மற்றக் கட்சி இருட்டில் முகத்தைக் காட்டிப் பயப்படுத்தியது. சொந்தக் கட்சி முகத்தையே வெட்டியது. அக்கா நோட்டீசுகளைக் கவிழ்த்து வைத்தார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. பென்சிலையும் எடுக்கவில்லை.

பின்னேரம் தமக்கை தொலைபேசியில் வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். இருவரும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார்கள். வைத்த பிறகு அக்கா எனக்குச் சொன்னார். "என்னைத்தானே வெட்டினவங்கள், எனக்கே கோபமில்லை, உனக்கென்ன, பேசாமல் அவனுக்குப் போடு, இல்லாட்டில் மற்றவன் வந்திடுவான் எண்டுறா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"உன்ரை கை அங்கை இருக்கு, உன்னைக் காணேல்லை எண்டன்."

அடுத்தநாளும் விரதம். குளிசையைத் தண்ணீரோடு மட்டும் எடுத்தார். உறை தபாலில் சேராமல் சாப்பிடமாட்டார். மனம் ஒரு முடிவுக்கு வராமல் உறையை ஒட்டமாட்டார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினார்.

"வேண்டாமெண்டால் வெறுமையாய் விடுங்கோ அக்கா. இல்லாட்டில் மற்றவனுக்குப் போடுங்கோ."

"மற்றவன் என்னைப் பேயாய்க் கீறி வைச்சிருக்கிறான். இவன் என்னைக் கணக்கிலை எழுதி வைச்சிருக்கிறான். இரண்டு பேரும் என்னட்டைக் கேக்கேல்லை."

அப்படிச் சொன்னவர் தொலைபேசியை எடுத்தார். நோட்டீசின் அடியில் இருந்த இலக்கத்தை, அமெரிக்காவுக்கு, ஒவ்வொன்றாகச் சுழற்றினார். யாரோ ஒரு பொடியன் எடுத்திருக்கிறான். அக்கா மிகவும் மரியாதையாகக் கதைத்தார் என்பது குரலில் தெரிந்தது. பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி றிசீவரை வைத்தார்.

"என்ன சொன்னவன்?"

"கவலைப்படாதேங்கோ அம்மா, உங்கட பகுதி எப்பவும் எங்களோடைதான், அதை நாங்கள் முதலே எண்ணிப்போட்டம் எண்டான்."

கீழே இறங்கி இவரிடம் சொன்னேன். இவர், "எங்களையும் ஊரிலை அப்பிடித்தானே எண்ணினவை," என்றார்.

அன்று மாலை தமக்கை திரும்பவும் எடுத்தார். இந்தத் தடவை சத்தம் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார். கடைசியில் இரண்டு சொல் மட்டும் சொன்னார்.

"திரும்பவும் போடச் சொல்லுறாவோ?" என்று கேட்டேன்.

"சொல்லேல்லை. கேட்டவ. உன்னட்டை ஆரும் கேக்கேல்லை எண்டுதானே பட்டினி கிடக்கிறாய், நான் கேக்கிறன் எண்டா. தன்ரை எழுபத்தைஞ்சு வயசிலை இப்பதான் முதல்முறை என்னட்டை ஒண்டு கேக்கிறா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"கேட்டதுக்கு நன்றி எண்டன். இனி அது என்ரை அலுவல்."

விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் யன்னலுக்கு முகம் காட்டி நின்றோம். முற்றத்தில் யாரோ விரிப்பு உதறினார்கள். பென்சில் தொடங்கியது. முதல் அடையாளத்துக்குப் பிறகு நின்றுவிட்டது. அந்த ஆளின் பெயருக்கு வந்திருப்பார். அந்த நிற்றல் எவ்வளவு நீளம், அதற்குப் பிறகு பென்சில் அதே இடத்தில் என்ன செய்தது, செய்யாமல் விட்டது எல்லாம் என் காதுக்குத் தெரியும். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பிறகு நீதவான், பள்ளிக்கூடச் சபை என்று மீதிக் கட்டங்களுக்கெல்லாம் பென்சில் பழையபடி கொத்திக்கொண்டு கீழே போனது.

உறையை ஒட்டி என் முன்னால் வைத்தார். பெயரை மட்டும், கவனமாக, எழுதப் போனேன்.

"எங்கை அந்தச் சுழி?"

"வேண்டாம் அக்கா, பிறகு..."

"போடு. போனமுறை கடவுள் வந்தவர், இந்தமுறை வரேல்லையோ எண்டு அங்கை தேடுவினம்."

போட்டேன். அந்த 'உ' சரியாக வரவில்லை. அக்கா அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

தபால் கந்தோரிலிருந்து திரும்பிவரும்போது அவர் என் தோளில் சாய்ந்துதான் நடந்தார். வீட்டுக்கு நேரே போகலாம் என்றேன். கேட்கவில்லை. சந்தைக்குள் திரும்பினார். மீன்காரன் எங்களைக் கண்டுவிட்டான். கண்டதும் கை தானாகச் சாளையை அள்ளிக் கடுதாசியில் சுற்றிவிட்டது. இந்த மனிசி பசியோடு இப்போது அவனைத் தாண்டிப் போவா. இன்னும் நாலு அடி வைத்தால் விழுந்துபோவா. அக்கா அவன் முன்னால் நின்றார். மீன்காரன் அவருடைய முகத்தைப் பார்த்தான். என்ன கண்டானோ, சுற்றிய கடுதாசியை மெல்ல அவிழ்த்து, மீனைத் திரும்பப் பனிக்கட்டியில் கொட்டி, கையை ஏப்ரனில் துடைத்தான்.

"சிஞ்ஞோரா, இண்டைக்கு உங்களுக்கு என்ன வேணும்?"

"சாளை," என்றார் அக்கா. அவன் கொட்டிய அதே குவியலிலிருந்துதான், ஒவ்வொன்றாகத் தானே தெரிந்து எடுத்தார்.

நோட்டீசில் நின்ற அந்த ஆள் வென்றுவிட்டார் என்று பிறகு தமக்கை சொன்னாராம். அக்கா சந்தோசப்படவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. "அப்ப இனிச் சண்டை பிடிக்க ஒரு ஆள் இருக்கு," என்றார். அந்த நாலு விரல்களையும் நோட்டீசிலிருந்து வெட்டியெடுத்து, வென்றவருக்கே தபாலில் அனுப்பினார். "மிச்ச ஆளும் இருக்கிறா, தேடிப்பாரும்" என்று ஒரு வரி எழுதினாராம். அதற்கு விரதம் இருக்கவில்லை. நான் கொடுத்த வடையைக் கடித்துக்கொண்டுதான் எழுதினார்.

அடுத்த நடுத்தேர்தலுக்கு அவர் இருக்கவில்லை.

அவர் அந்த ஆளுக்குப் போட்டாரா என்று இவர் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். தமக்கையும் ஒருதடவை எடுத்து, உடைந்த இத்தாலியனில் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். பின்னால் நின்ற எனக்கு என்ன தெரியும் என்றேன்.

எனக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்தது கனகாலம் கழித்து. முதல் தேர்தலுக்கு முன், தமிழாக்களின் வோட்டெல்லாம் தங்களுக்குத்தான் என்று ஒரு கட்சிக்காரர் எங்கள் கடைத்தெருவில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு போனார். என்னைத் தாண்டித்தான் போனார். இங்கே வாக்குச்சாவடியில் பேனை இல்லை, பென்சில்தான் தருகிறார்கள். அடைப்புக்குள் நான் தனியாக நின்றேன். கடுதாசியைக் கண்டதும் கை மேல் மூலைக்குப் போனது, சுழி போட. பிடித்து நிறுத்தினேன். ஒரு கீறு கூடினாலும் செல்லாது. சுழியைக் காற்றில் போட்டேன். பிறகு பென்சிலை வைத்தேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

வெளியே இவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். தான் போட்டதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"இஞ்சேரும், நீர் ஆருக்குப் போட்டனீர்?"

"பசிக்குது," என்றேன். "காலமைதொட்டு ஒண்டும் சாப்பிடேல்லை. வாங்கோ, வீட்டை போவம்."